படி ஆறு: இடது காலை உடைக்கவும்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் என்ன என்று கேட்டால், கூடவே வேலை பார்த்தவர்கள்கூடத் தலையைச் சொறிவார்கள். ‘செஞ்சுபாரு டீச்சர்’ என்றால்தான் சட்டென்று தெரியும். வகுப்பில் யார் எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்குமா டீச்சர்? செஞ்சு பாரு. காகிதக் கப்பல் எத்தனை கூழாங்கல் தாங்கும் டீச்சர்? செஞ்சு பாரு. கல்யாணமான புதிதில், ஒரு டீ போட்டுத் தரமுடியுமா என்று கேட்ட கணவனுக்கும் இதே பதில்தான் கிடைத்ததாம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் அந்த மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை, செய்து பார்த்தார். இன்றைக்கும் அந்த வீட்டில் டீ அவருடைய கைப்பக்குவம்தான்.

அவள் ஒன்றும் பிறக்கும்போதே இப்படிப் பிறந்துவிடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் எல்லோரையும் போலத்தான் பாடம் நடத்தினாள். மின்சாரப் பாடம் என்றால் கரும்பலகையில் ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு கோடு. பல்பைச் சுற்றிச் சின்னச் சின்னதாய்க் கதிர் போட்டுவிட்டால் அது எரிகிறது என்று அர்த்தம். ஒரு நாள் ஒரு மாணவி நிஜமான டார்ச் பல்பு ஒன்றையும் பேட்டரியையும் ஒரு துண்டு ஒயரையும் கொண்டுவந்து, “இதை எரிய வைங்க டீச்சர்” என்று நீட்டினாள். டீச்சர் ஒயரை இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள், பல்பைத் திருப்பி வைத்தாள். அது கல்லுளிமங்கன் மாதிரி அசையாமல் இருந்தது. வகுப்பே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, மணி அடித்தது.

அன்று சாயங்காலம் சமையலறை மேடையில் அதே பல்பையும் பேட்டரியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசம் வந்தும் எழுந்திருக்கவில்லை. பல்பின் அடியை மட்டும் தொட்டால் போதாது, அதன் உலோகப் பக்கத்தையும் தொடவேண்டும் என்று கைக்குப் புரிந்த அந்த நொடியில் பல்பு எரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் கணவர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

“என்னாச்சு? ஷாக் அடிச்சிடுச்சா?”

“அடிச்சிடுச்சுங்க” என்றாள்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். பிறகு கோபம் வந்தது. இயற்பியலில் பட்டம் வாங்கியவள் அவள். பள்ளியிலும் கல்லூரியிலும் அத்தனை வருடம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். ஒருத்தர்கூட இந்த மூன்று சாமானையும் அவள் கையில் கொடுத்து, எரிய வை பார்க்கலாம் என்று சொன்னதில்லை. தன் வகுப்பில் இனி அப்படி நடக்காது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டால் அவளை நகர்த்த முடியாது. அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் வகுப்பில் நடந்த ரகளைகளின் புகழ் மெல்லப் பரவியது. சிலருக்கு அது புகழ், சிலருக்குப் புகார். பக்கத்து வகுப்பு டீச்சருக்குத் தலைவலி வந்ததும், ஜன்னல் வழியாகத் தாளில் செய்த பாராசூட்டுகள் தலைமையாசிரியர் வழுக்கைத் தலையில் இறங்கியதும் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடைசியில் ஆசிரியர் பயிற்சி மையத்தில், அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவளைக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் ரொம்பச் சந்தோஷமாக அனுப்பிவைத்தார்.

அங்கேதான் அவளுக்கு நிஜமான சோதனை ஆரம்பித்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். தப்பு செய்ய அவர்களுக்குப் பயம் கிடையாது. ஆசிரியர்கள் அப்படியல்ல. நெரிசலான வகுப்பு, முடியாத பாடத்திட்டம், நடுவில் ஆயிரம் எடுபிடி வேலை. இத்தனைக்கும் நடுவில் பயிற்சி என்று கூப்பிட்டால் மனுஷன் எரிச்சலோடுதான் வருவான். வந்து, கடைசி வரிசையாகப் பார்த்து உட்கார்ந்து, டீயும் பிஸ்கட்டும் எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவர்களைக் குறை சொல்கிறவர்கள் ஒரு வாரம் அந்த வகுப்பில் போய் நின்று பார்க்கட்டும், பிறகு பேசலாம்.

அந்தக் கடைசி வரிசைக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை ‘நோட்ஸ் சார்’ என்பார்கள். பாடம் எதுவானாலும் அதைக் கேள்வி பதிலாகப் பிரித்து, கமா, முற்றுப்புள்ளி உட்படச் சொல்லி எழுதவைப்பார். அவர் பிள்ளைகள் பரீட்சையில் நன்றாகவே மதிப்பெண் வாங்கினார்கள். அதனால் யாரும் அவரை ஒன்றும் சொல்ல முடியாது. முதல் நாளே அவர் எழுந்து கேட்டார்.

“டீச்சர், இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பரீட்சையில இதுலேருந்து என்ன கேள்வி வரும்? அதைச் சொல்லிட்டீங்கன்னா எங்க வேலை முடிஞ்சிடும்.”

கடைசி வரிசை மொத்தமும் தலையாட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

மையத்தின் அதிகாரி கெட்டவர் இல்லை. எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவுதான். வருட ஆரம்பத்திலேயே அவளை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“இங்க பாருங்கம்மா. பயிற்சி குடுத்துக்கிட்டேதான் இருக்கோம். வகுப்பறையில ஒண்ணும் மாறக் காணோம். வருஷக் கடைசியில ஒரு கண்காட்சி வைப்போம். மாற்றம் தெரிஞ்சா பயிற்சி தொடரட்டும். தெரியலேன்னா நிறுத்திடலாம். நல்ல நல்ல சோதனையா வீடியோ எடுத்து, ஸ்கூலுக்கு ஒரு திரை குடுத்துடுவோம். டீச்சர் பட்டனை அழுத்தினாப் போதும்.”

“நீச்சல் வீடியோ பாத்து யாராவது நீந்தியிருக்காங்களா சார்?”

“செஞ்சு காட்டுங்க, அப்புறம் பேசலாம்” என்று அவளுடைய வார்த்தையையே அவளிடம் திருப்பிக் கொடுத்தார் அதிகாரி.

பட்டனை அழுத்தும் ஆசிரியர்களை அவள் நினைத்துப் பார்த்தாள். பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்து, யாரோ எங்கேயோ எரியவைத்த பல்பைத் திரையில் பார்ப்பார்கள். அவள் படித்த படிப்புக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இந்த வருடம் எப்பாடு பட்டாவது இவர்களை அசைத்துவிடவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

வெறும் சோதனை போதாது, பொறியியலும் வேண்டும் என்று ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தாள். மெல்லிய மரக்குச்சிகள், நூல், காலி நூல்கண்டு, பென்சில், பசை. இவற்றைக் கொண்டு ஒரு சுமைதூக்கி செய்யவேண்டும். அது தரையிலிருக்கும் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலைப் பெஞ்சு உயரத்துக்குத் தூக்கவேண்டும். எப்படிச் செய்வது என்பது அவரவர் பாடு. சாயும், விழும், உடையும். ஏன் விழுந்தது என்று பார்த்துத் திருத்தவேண்டும். அந்தத் திருத்தம்தான் பாடம்.

எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் வெறுங்கையோடு அந்தக் கடைசி வரிசைக்கு முன்னால் போய் நிற்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு மாதிரியைக் காட்டினால் நம்பிக்கை வரும் என்று, வீட்டில் அழகாக ஒன்று செய்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் பேருந்து டிரைவர் போட்ட பிரேக்கில் அவள் முன் சீட்டில் முட்டிக்கொண்டாள். சுமைதூக்கியின் இடது கால் நடுவில் படக்கென்று முறிந்தது. பசை வீட்டிலேயே இருந்தது. கைப்பையைக் குடைந்ததில் மகளுடைய மஞ்சள் நிறத் தலைமுடி கிளிப் ஒன்று கிடைத்தது. முறிந்த இரண்டு முனையையும் சேர்த்து அந்தக் கிளிப்பைக் கவ்வவிட்டாள். நின்றது. பயிற்சியில் பாட்டிலைத் தூக்கியும் காட்டியது. ஆசிரியர்கள் கைதட்டினார்கள். அதோடு அந்தக் கிளிப்பை அவள் மறந்தே போனாள்.

அடுத்தடுத்த வாரங்களில் நல்ல செய்தியாக வந்தது. அந்தப் பள்ளியில் சுமைதூக்கி செய்கிறார்கள், இந்தப் பள்ளியில் செய்து முடித்துவிட்டார்கள். நோட்ஸ் சாரே செய்யவைக்கிறார் என்று கேள்விப்பட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “கல்லு கரைஞ்சிடுச்சுங்க” என்று கணவரிடம் சொன்னாள். “தண்ணில போட்டுப் பாத்தியா?” என்றார் அவர்.

கண்காட்சி நாள் வந்தது. பெரிய கூடம், நீள நீளமாய் மேஜைகள், ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் இடம். மேஜைக்குப் பின்னால் பிள்ளைகள் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு நின்றார்கள், பக்கத்தில் அவர்களுடைய ஆசிரியர்கள். கூடம் முழுக்கச் சுமைதூக்கிகள். வாசலில் நின்று பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே நடக்க நடக்க அந்தக் கண்ணீர் தானாகவே வற்றியது.

முதல் மேஜைச் சுமைதூக்கியின் இடது காலில் ஒரு மஞ்சள் கிளிப் இருந்தது. இரண்டாவது மேஜையிலும் இருந்தது. அவள் நடையை வேகப்படுத்தினாள். எல்லா மேஜையிலும் இருந்தது. ஒரு பள்ளியில் மஞ்சள் கிடைக்கவில்லை போலிருக்கிறது, கறுப்புக் கிளிப்புக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளியில் ஒரு பொடியன் அவளைப் பார்த்து முறைத்தான்; வீட்டில் அக்காவுடைய கிளிப்பைத் திருடி அடி வாங்கியிருக்கிறான் பாவம். எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம், ஒரே முடிச்சு. யாரோ ஒருத்தர் அச்சில் வார்த்து வைத்ததுபோல் இருந்தது.

நோட்ஸ் சாரின் மேஜைக்கு வந்ததும் நின்றாள். அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

“டீச்சர், நீங்க செஞ்ச மாதிரியே, துளிகூடப் பிசகாம செஞ்சிருக்கோம்” என்றார். பிறகு ஒரு மாணவியிடம் திரும்பி, “சொல்லும்மா” என்றார்.

அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். “படி ஐந்து: இரண்டு கால்களையும் மேல்குச்சியுடன் ஒட்டவும். படி ஆறு: இடது காலை நடுவில் மெதுவாக உடைக்கவும். படி ஏழு: உடைந்த இடத்தில் மஞ்சள் கிளிப்பைப் பொருத்தவும்.”

“எதுக்கு உடைக்கணும்?” என்று டீச்சர் கேட்டாள். குரல் எங்கேயோ கிணற்றிலிருந்து வந்தது.

“கிளிப் மாட்டுறதுக்கு டீச்சர்.”

“கிளிப் எதுக்கு?”

“மஞ்சள் கிளிப் சுமைதூக்கிக்கு உறுதி அளிக்கிறது” என்றாள் அந்தப் பெண். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் அதில் இருந்தது.

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நன்றாக இருந்த சுமைதூக்கியின் காலை வேலை மெனக்கெட்டு உடைத்து, கிளிப் போட்டு நிறுத்தி, அதைப் பாடமாகவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தப்பு அவர்களுடையது மட்டும்தானா? மாதிரி என்று ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியது யார்? ஆசிரியர்களுக்குக் காலம் காலமாய்ச் சொல்லிவைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: கொடுத்ததை அப்படியே கொடு. அவர்கள் கண்ணும் கருத்துமாய் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

அப்போது பின்னாலிருந்து அதிகாரியின் குரல் கேட்டது.

“பிரமாதம்மா! நான் எதிர்பார்க்கவே இல்ல. எல்லா ஸ்கூலும் ஒரே சீரா செஞ்சிருக்காங்க பாருங்க. இதைத்தான் நான் கேட்டேன். சாப்பாட்டுக்கப்புறம் மேடையில அறிவிச்சிடுறேன், பயிற்சி தொடரும்.”

தலையை ஆட்டினாளா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் படிக்கட்டில் போய் உட்கார்ந்து கணவருக்குப் போன் செய்தாள். அவர் வார்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னாள். கிளிப் விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் யாரோ நோயாளி என்னவென்று கேட்டது போனிலேயே கேட்டது.

“சிரிக்காதீங்க. வாயை மூடிக்கிட்டு இருந்தா பயிற்சி தொடரும். திறந்தா எல்லாம் போயிடும். நான் என்ன பண்ண?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். “நூத்தி மூணு காய்ச்சல் இருக்குற ஆளுக்குச் சார்ட்ல நார்மல்னு எழுதிட்டா டாக்டர் சந்தோஷமாப் போயிடுவாரு. நோயாளி என்ன ஆவான்?”

“புரியுது.”

“புரிஞ்சா என்னை ஏன் கேக்குற? செஞ்சு பாரு.”

அவள் எழுந்து பொட்டலத்தை ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். அதிகாரி மேடை ஏறுவதற்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாருக்கும் வணக்கம். உங்க எல்லாரோட சுமைதூக்கியிலயும் ஒரு மஞ்சள் கிளிப் இருக்கு. அது என் பொண்ணோடது. அன்னைக்கு நான் வந்த பஸ்ஸுல டிரைவர் போட்ட பிரேக்ல சுமைதூக்கியோட கால் முறிஞ்சுபோச்சு. கையில பசை இல்ல. அதனால கிளிப்பை மாட்டினேன். வேற ஒரு காரணமும் கிடையாது.”

பிள்ளைகள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, அது மேஜை மேஜையாய்ப் பரவியது. ஆசிரியர்கள் முகத்தில் ஈயாடவில்லை. சிலர் குனிந்து கிளிப்பையே பார்த்தார்கள். நோட்ஸ் சார் முகம் சிவந்துபோய் எழுந்து நின்றார்.

“நீங்க வச்சிருந்தீங்க டீச்சர். நீங்க வச்சா அதுல ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சோம். நாங்க எப்படிக் கேக்குறது?”

“நீங்க கேட்டிருக்கணும் சார். கேக்குற மாதிரி நான் நடந்துக்கலை. முழுசாச் செஞ்ச ஒண்ணைக் கொண்டுவந்து உங்க முன்னாடி வச்சது என் தப்பு. இது நல்லா நடந்த பயிற்சின்னு நான் சொல்லமாட்டேன். நல்லா நடக்கல.” அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஆனா இன்னும் பொழுது இருக்கு. எல்லாரும் கிளிப்பைக் கழட்டுங்க. கழட்டிட்டு, பாட்டிலைத் தூக்கிக் காட்டுங்க. எப்படின்னு என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது.”

ஒரு மேஜையில் யாரோ கிளிப்பைப் பிடுங்கினார்கள். சுமைதூக்கி மடங்கி விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பிள்ளைகள் ஒவ்வொரு விழுகைக்கும் ஓவென்று கத்தினார்கள். நோட்ஸ் சாரின் மேஜையில் அந்தப் பெண் அவரைப் பார்த்துக் கேட்டாள், “சார், இப்ப என்ன படி?”

அத்தனை வருட வேலையில் நோட்ஸ் சார் வகுப்பில் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

“தெரியலம்மா.”

பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.

அதன்பிறகு அந்தக் கூடம் சந்தைக்கடை ஆனது. ஒரு பள்ளி காலைப் பாதியாய் வெட்டிக் குட்டையாக்கியது. இன்னொரு பள்ளி இரண்டு காலுக்கும் நடுவே குறுக்குக் குச்சி வைத்துக் கட்டியது. பாட்டிலின் கனத்தில் முன்னால் கவிழ்ந்ததைப் பார்த்துவிட்டு ஒரு டீச்சர் தன் கைப்பையைப் பின்பக்கம் தொங்கவிட்டு எடைக்கு எடை ஈடுகட்டினாள். பசை தீர்ந்து, ஷூ லேசை அவிழ்த்துக் கட்டினார்கள். நிறைய விழுந்தது, தண்ணீர் கொட்டியது, ஒருவர் வழுக்கி உட்கார்ந்தார். சில பாட்டில்கள் மேலேயும் ஏறின. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

அதிகாரி ஓரமாய் நின்று ஈரமான தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கிளம்பிய பிறகு அவளிடம் வந்தார்.

“எல்லாம் நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு. உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டீங்க. இந்தக் கூச்சலை நான் மாற்றம்னு மேல எழுத முடியாது. நான் எழுதப்போறது வீடியோவைத்தான்.”

“எழுதுங்க சார்” என்றாள். அவர் போனபிறகு, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

பயிற்சி நின்றது. பள்ளிகளுக்குத் திரைகள் போய்ச் சேர்ந்தன. அவளைப் பழைய பள்ளிக்கே ஆறாம் வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். தலைமையாசிரியர் தொப்பி போட்டுக்கொண்டு வரவேற்றார் என்று கணவர் சொல்லித் திரிந்தார். அது அவர் கட்டிவிட்ட கதை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வருத்தமும் மாறி மாறி வந்தன. ஆனாலும் மறுநாள் காலை வகுப்புக்குப் பேட்டரி எடுத்துப்போக அவள் மறக்கவில்லை. மையம் இல்லாவிட்டால் பள்ளிப் பள்ளியாகத் தானே போவது, யார் கதவைத் திறக்கிறார்களோ அங்கே ஆரம்பிப்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போய்த் தட்டுமுன் போன் வந்தது. நோட்ஸ் சார்.

“டீச்சர், சனிக்கிழமை வேலை ஏதாவது இருக்கா? எங்க ஸ்கூலுக்கு வரணும். நாங்க ஒரு ஏழெட்டுப் பேர் கூடுறோம்.”

“பயிற்சியைத்தான் நிறுத்திட்டாங்களே சார்.”

“மையத்துல நிறுத்திட்டாங்க. எங்க ஸ்கூல் வராந்தாவுல யாரும் இன்னும் நிறுத்தல. ஒண்ணே ஒண்ணு, தப்பா நெனைக்காதீங்க. மாதிரின்னு எதையும் செஞ்சு தூக்கிட்டு வந்துடாதீங்க.”

சனிக்கிழமை மதியம் போனாள். பிள்ளைகள் இல்லாத பள்ளி. ஆசிரியர்கள் சிலர் சொந்தச் செலவில் டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நோட்ஸ் சார் தன் வகுப்பறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பிரச்சினை இருந்தது. மதியம் ஆனால் கரும்பலகையில் ஓர் ஓரம் பளபளவென்று கூசும். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் சிலருக்கு எழுத்தே தெரியாது. “நான் இத்தனை வருஷம் சத்தமாச் சொல்லி எழுதவச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்னு வச்சுக்கங்க” என்று அசடு வழிந்தார். இதைச் சரிசெய்வதையே பிள்ளைகளுக்கு வேலையாகக் கொடுக்க ஆசை. அதற்கு முன்னால் தாங்கள் ஒரு தடவை செய்து பார்க்க நினைத்தார்கள்.

டீச்சர் அறையை ஒரு நோட்டம் விட்டாள். வலது பக்கம் இரண்டு ஜன்னல்கள். பலகைக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. பின்னால் இருந்த ஜன்னல் மரநிழலில் இருந்தது, அது வழியாக வெயில் துளிகூட வரவில்லை.

“இந்த முன் ஜன்னல்தான் சார். இதுக்கு ஒரு மறைப்பு வச்சாச் சரியாயிடும்” என்றாள்.

மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அட்டை எடுக்கக் கிளம்பினார்கள். நோட்ஸ் சார் அசையவில்லை. இடது பக்கக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எழுந்து முதல் பெஞ்சுக்கு வந்தார். மறுபடி கடைசிக்குப் போனார். தொண்டையைச் செருமினார்.

“இல்ல டீச்சர். நீங்க சொல்றது தப்பு.”

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“முன் ஜன்னல் வெளிச்சம்னா அது பலகையில சாய்வாப் பட்டு முதல் பெஞ்சுக்குத்தான் போகணும். முதல் பெஞ்சுல கூசவே இல்ல. கடைசியிலதான் கூசுது. அப்ப வெளிச்சம் பின்னாடியிருந்துதான் வருது.”

“பின் ஜன்னல்ல வெயிலே இல்லையே சார்?”

“தெரியல. ஆனா அங்கேருந்துதான் வருது. மறைச்சுப் பாத்துடலாமே.”

ஒரு இளம் டீச்சர் அட்டையைத் தூக்கிப்போய் முன் ஜன்னலை மறைத்தாள். செஞ்சுபாரு டீச்சர் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். பலகை அப்படியே கூசியது. அட்டையைப் பின் ஜன்னலுக்குக் கொண்டுபோனார்கள். பளபளப்பு அணைந்தது, என்றைக்கோ எழுதிவிட்டு அழிக்காமல் விட்ட எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. எல்லோரும் பின் ஜன்னலுக்கு ஓடி வெளியே எட்டிப் பார்த்தார்கள். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் தகதகத்து, அத்தனை வெளிச்சத்தையும் நேராக இந்த ஜன்னலுக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

நோட்ஸ் சார் அவள் முகத்தைப் பார்த்தார். “மனசுல வச்சுக்காதீங்க டீச்சர். எடுத்தெறிஞ்சு பேசிட்டேன்.”

“நான் சொன்னது தப்புதானே சார்” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

இளம் டீச்சர் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தாள். “அட்டையை இப்படியே அடிச்சிடலாமா சார்? திங்கட்கிழமையிலேருந்து பிள்ளைங்களுக்கு நல்லாத் தெரியும்.”

“வேணாம், வேணாம்” என்று நோட்ஸ் சார் ஓடிப்போய் அவள் கையிலிருந்து அட்டையை வாங்கினார். “நாம அடிச்சு வச்சுட்டா அவங்க என்னத்தைக் கண்டுபிடிப்பாங்க? இது எங்கேருந்து வருதுன்னு யாரும் அவங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாது. டீச்சர், நீங்களும்தான்.”

அட்டையைக் கீழே இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். கரும்பலகை பழையபடி பளபளவென்று கூசத் தொடங்கியது.